கையொப்பம் இருக்கிறது, முடிவு யாருடையது? புற்றுநோய் சிகிச்சையும் மரபணுச் சோதனையும் நோயாளியின் உரிமையும்

2013ஆம் ஆண்டு மே 14 அன்று அமெரிக்க நடிகை ஆஞ்சலினா ஜோலி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம் இரு மார்பகங்களையும் அறுவை சிகிச்சையின் மூலம் அகற்றிக்கொண்டதை அதில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 37. புற்றுநோய் இல்லை. ஆனால் அவருடைய தாய் 56ஆம் வயதில் புற்றுநோயால் இறந்திருந்தார். பரிசோதனையில் பிஆர்சிஏ 1 என்னும் மரபணுவில் பிறழ்வு இருப்பது தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு 87 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 50 விழுக்காடு என்று மருத்துவர்கள் அவருக்குக் கணித்துச் சொன்னார்கள். கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் முடிவெடுத்தார்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களைப் பற்றிய செய்திகள் 2019இல் வெளிவந்தன. மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண்களிடம் ஆய்வு நடத்தியது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. வெள்ளைப்படுதல், வயிற்று வலி என்று தனியார் மருத்துவமனைகளுக்குப் போனபோது, கருப்பையை எடுக்காவிட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று மருத்துவர்கள் கூறியதாகப் பெண்கள் பலர் செய்தியாளர்களிடம் தெரிவித்தனர். இவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற குடும்பத்தினர். தலித்துகளும் நாடோடிச் சமூகத்தினரும் பிற்படுத்தப்பட்டோரும் அடங்கியவர்கள். வேலைக்குப் போகாத நாளுக்கு ஒப்பந்தக்காரர் கூலியில் பிடித்துக்கொள்வார் என்ற நெருக்கடியும் அவர்கள் முன்னே இருந்தது.

இரண்டு இடங்களிலும் நோய் வருமுன்னரே உறுப்பு அகற்றப்பட்டது. இரண்டு இடங்களிலும் காரணம் புற்றுநோய் பற்றிய அச்சம். இரண்டு இடங்களிலும் ஒரு படிவத்தில் ஒப்புதல் பதிவாகியிருக்கும். ஆயினும் முதலாவதை மட்டுமே நாம் முடிவு என்று அழைக்க முடியும். சோதனை, எண்கள், மாற்று வழிகள், யோசிக்க அவகாசம் ஆகிய நான்கும் ஒருவருக்குக் கிடைத்தன. மற்றவர்களுக்கு ‘புற்றுநோய்’ என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்தது. கல்வியும் அறிவும் மறுக்கப்பட்ட வரலாற்றைக் கொண்ட நம் மக்களுக்கு, மருத்துவரின் மேசையில் அம்மறுப்பு எந்த வடிவத்தில் தொடர்கிறது, சட்டம் அதற்கு எவ்வளவு இடமளிக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சிகிச்சை முடிவு எப்படி உருவாகிறது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 9.1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டாம் இடத்திலும் இருக்கின்றன.

இந்நோய்க்கு ஒரே நிலையான சிகிச்சை கிடையாது. திசுப் பரிசோதனையில் எந்த வகைக் கட்டி என்பது தெரிகிறது. ஸ்கேன் மூலம் எந்தக் கட்டம் என்பது தெரிகிறது. பெரிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று துறை மருத்துவர்களும் கூடிப் பேசி ஒரு பரிந்துரைக்கு வருகிறார்கள். பல நேரங்களில் அறிவியல் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் திறந்து வைத்திருக்கும். அவற்றுள் எதைத் தேர்வது என்பதை நோயாளியின் வாழ்க்கைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தொடக்கக்கட்ட மார்பகப் புற்றுநோயில் மார்பகம் முழுவதையும் அகற்றலாம்; அல்லது கட்டியை மட்டும் அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரண்டு ஆய்வுகள், இருபது ஆண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பிறகு 2002இல் முடிவுகளை வெளியிட்டன. உயிர் பிழைக்கும் வாய்ப்பில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என்பதே அம்முடிவு.

ஆனால் இரண்டாவது வழிக்குக் கதிர்வீச்சு கட்டாயம். பழைய முறையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்களுக்கு மேல் மருத்துவமனைக்கு வர வேண்டும். மாவட்டத்தில் கதிர்வீச்சு இயந்திரம் இல்லாத ஊரிலிருந்து வரும் தினக்கூலிப் பெண்ணுக்கு இது ஒரு மாதத்துக்கும் மேலான கூலி இழப்பு. தங்க இடம், உடன் வர ஆள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் எனச் செலவும் சிக்கலும் பெருகும். ஆகவே மருத்துவரே மனத்துக்குள் கணக்குப் போட்டு, ‘இவரால் வர முடியாது’ என்று முடிவு செய்து, முழுதாக அகற்றுவதை மட்டும் சொல்லிவிடுவதுண்டு. அவர் நல்லெண்ணத்துடனேயே இதைச் செய்யக்கூடும். இருப்பினும் இரண்டு வழிகள் உள்ளன என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மூன்று வாரங்களில் முடிகிற குறுகிய கதிர்வீச்சு முறையும் ஆய்வுகளில் நிறுவப்பட்டு உலகெங்கும் நடைமுறையில் உள்ளது என்று தெரிந்தால், அவர் தம் குடும்பத்தோடு பேசி வேறு முடிவுக்கு வரலாம், வராமலும் போகலாம். அதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் இதே சிக்கல் உயிருக்கே உலை வைக்கிறது. முற்றிய நிலையில் தரப்படும் கதிர்வீச்சு முழுவதையும் ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். தாமதமானால் பலன் குறையும். இந்தக் கால எல்லை ஏன் முக்கியம் என்று விளக்கப்படாத பெண், அறுவடைக் காலத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் என்ன என்றே நினைப்பார். பின்னர் நோய்க் குறிப்பேட்டில் ‘சிகிச்சையைத் தொடரவில்லை’ என்று அவர்மீதே குறை எழுதப்படும்.

டாடா நினைவு மருத்துவமனையின் முன்முயற்சியில் 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, சிகிச்சை வழிகாட்டுதல்களைத் தரம் பிரித்து வெளியிட்டிருக்கிறது. இன்றியமையாதது, உகந்தது, விரும்பினால் செய்யலாம் என்பன அந்த மூன்று தரங்கள். வசதி குறைந்த மருத்துவமனைக்கும் இது பயன்படும். தமக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இவற்றுள் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று நோயாளி கேட்கலாம். அக்கேள்விக்கு விடை பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

மரபணுச் சோதனை: இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது

மரபணுச் சோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சோதனைகள் நடக்கின்றன. ஒன்று, கட்டியின் திசுவில் செய்யப்படுவது. மற்றொன்று, பிறப்பிலேயே உடலெங்கும் உள்ள மரபணுவை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்ப்பது.

முதலாவது சோதனை, எந்த மருந்து வேலை செய்யும் என்பதைக் காட்டுகிறது. நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தால் மாத்திரை வடிவிலான மருந்து பலன் தரும். ஒருவகை இரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் என்ற இணைவு காணப்பட்டால் இமாடினிப் என்ற மருந்து நோயாளியைப் பல்லாண்டுகள் வாழவைக்கும். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது இந்த மருந்து தொடர்பான வழக்கில்தான். குறைந்த விலை மருந்து கிடைக்க அத்தீர்ப்பு அரணாக நிற்கிறது. ஆனால் மருந்து மலிவாக இருந்தும் சோதனை செய்யப்படாவிட்டால் அம்மருந்து நோயாளியைச் சென்றடையாது.

மார்பகப் புற்றுநோயில் செய்யப்படும் ஹெர்2 சோதனையைக் கவனித்தால் இது தெளிவாகும். அறிக்கையில் 3+ என்று வந்தால் டிராஸ்டுசுமாப் மருந்து பலனளிக்கும். 0 அல்லது 1+ என்றால் அந்த மருந்துக்குரிய வகை அன்று. 2+ என்று வந்தால் விடை உறுதியில்லை. ஃபிஷ் என்ற மற்றொரு சோதனை செய்தாக வேண்டும். அதைச் செய்யப் பணம் இல்லாமலோ யாரும் சொல்லாமலோ போனால், நோயாளியின் சிகிச்சை அந்த 2+ என்ற எண்ணிலேயே நின்றுவிடுகிறது. டிராஸ்டுசுமாப் 2015 முதல் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே செய்யப்படாத ஒரு சோதனை குறுக்கே நிற்கிறது.

இரண்டாவது வகைச் சோதனை குடும்பத்தைத் தொடுகிறது. மார்பகப் புற்றுநோயில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே பரம்பரையாக வருவது. அதில் பெரும்பங்கு பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ஆகிய மரபணுக்களின் பிறழ்வால் நேர்கிறது. 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, இப்பிறழ்வுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ 1 எனில் 44 விழுக்காடு, பிஆர்சிஏ 2 எனில் 17 விழுக்காடு. பிறழ்வுள்ளவரின் பிள்ளைக்கும் உடன்பிறந்தவருக்கும் அதே பிறழ்வு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண்கள் வழியாகவும் அது அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இச்சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்தவர், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத மும்மறை வகைக் கட்டி உள்ளவர், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர், குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். சோதனையால் மருந்துத் தேர்வும் மாறும். ஓலாபாரிப் போன்ற மருந்துகள் பிஆர்சிஏ பிறழ்வு உள்ளவர்களுக்கு மிகுந்த பலன் தருகின்றன. ஆகவே யாருக்குச் சோதனை தேவையோ அவரிடம் அதைச் சொல்லாமல் விடுவது, ஒரு சிகிச்சையையே மறைப்பதாகும்.

அமெரிக்காவில் இச்சோதனைக்கு 3,000 டாலருக்கும் மேல் ஆகிறது, பல பெண்களுக்கு இது தடையாக உள்ளது என்று ஜோலி தம் கட்டுரையிலேயே எழுதினார். மிரியட் ஜெனிடிக்ஸ் என்ற ஒரே நிறுவனம் அந்த மரபணுக்களின் மீது காப்புரிமை வைத்திருந்ததே அந்த விலைக்குக் காரணம். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கோர முடியாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. போட்டி நிறுவனங்கள் உடனே களம் இறங்கின, விலை சரிந்தது. சட்டப் போராட்டம் ஒரு சோதனையின் விலையையே குறைத்த வரலாறு இது.

அறிக்கையில் வரும் மூன்றாவது விடையும் சாதியும்

மரபணு அறிக்கை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளோடு நிற்பதில்லை. ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்ற மூன்றாவது விடையும் வரும். மரபணுவில் ஒரு மாற்றம் தெரிகிறது. அது தீங்கானதா, வெறும் இயல்பான வேறுபாடா என்பதை இப்போதைக்குச் சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். இந்த விடையை மட்டும் நம்பி உறுப்பை அகற்றக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். விளக்கம் சொல்ல மரபணு ஆலோசகர் இல்லாத இடத்தில், பீட் மாவட்டத்துப் பெண்களை வீழ்த்திய அதே அச்சத்தை இந்த அறிக்கையும் உண்டாக்கக்கூடும்.

உலகின் மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளே மிகப் பெரும்பான்மை. அதனால் மற்ற மக்களுக்கு இந்த மூன்றாவது விடை கூடுதலாக வருகிறது. யாருடைய உடலை அறிவியல் அதிகம் படித்திருக்கிறதோ அவர்களுக்கே தெளிவான விடை கிடைக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் வாசித்த ஆய்வுரையின் மையக் கருத்து, அகமணமே சாதியின் உயிர்நாடி என்பது. நூறு ஆண்டுகளுக்குப் பின் மரபணுவியல் அதே அகமணத்தின் தடத்தை உடலில் கண்டது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களுள் 81 குழுக்களில் மரபணு வேறுபாடு மிகவும் குறுகியிருந்தது. சில மூதாதையரின் வழியே ஒரு குழு பெருகும்போது உண்டாகும் இந்த விளைவு, அக்குழுக்களில் அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படுவதைவிடக் கூடுதலாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக வெளியே மணம் செய்யத் தடை விதித்ததன் விளைவு இது.

அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு மூன்று குறிப்பிட்ட பிஆர்சிஏ பிறழ்வுகளுள் ஒன்று இருக்கிறது. அது தெரிந்ததால் அந்த மூன்றை மட்டும் தேடும் மலிவான சோதனை அச்சமூகத்துக்குக் கிடைத்தது. நம் சமூகங்களில் இத்தகைய அறிவை முறையாகத் திரட்டினால் அதே பயன் கிட்டக்கூடும். ஆயினும் இங்கே எச்சரிக்கை தேவை. இந்த ஆய்வுகள் எந்தச் சாதியின் உயர்வையும் தாழ்வையும் நிறுவவில்லை. கட்டுப்பாடான திருமண முறையின் விளைவை மட்டுமே அவை காட்டுகின்றன. அதைத் திரித்து, ‘இச்சாதியின் இரத்தம் நோயுள்ளது’ என்று பேசுவோர் நாளை வரலாம்.

அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் நீரிழிவு ஆய்வுக்கென இரத்தம் பெற்ற அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆய்வுகளுக்கும் அதைப் பயன்படுத்தியது. அம்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, மீதமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. நம் ஊர்களில் இரத்தம் சேகரிக்க வருபவரிடம், எதற்காக, எவ்வளவு காலம், வேறு யாருக்குக் கொடுப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க அந்த வழக்கு கற்றுத் தருகிறது.

உச்ச நீதிமன்றம் எங்கே நின்றது?

இந்தியச் சட்டத்தில் நோயாளியின் ஒப்புதல் பற்றிய அடிப்படைத் தீர்ப்பு, சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று வழங்கப்பட்டது. 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் 1995இல் தொடர் இரத்தப்போக்கு காரணமாக டெல்லியில் சிகிச்சைக்குச் சென்றார். உள்நோக்கிக் கருவி மூலம் சோதித்துப் பார்க்க ஒப்புதல் தந்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் கையொப்பம் வாங்கி, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன.

உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாகாது. உயிரைக் காக்க உடனடியாகச் செய்தாக வேண்டிய நிலை இருந்தாலொழிய, வயது வந்த, தாமே முடிவெடுக்கக்கூடிய நோயாளிக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் நமக்கு ஆயுதம். ஆனால் எந்த அளவுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியில் நீதிமன்றம் பின்வாங்கியது. நோயாளிக்கு எது முக்கியமோ அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற அமெரிக்க அளவுகோலை அது ஏற்கவில்லை. மருத்துவத் துறையினர் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு போதும் என்ற பழைய ஆங்கிலேய அளவுகோலை ஏற்றது. அதற்கு அது கூறிய காரணங்களுள் ஒன்று, இந்தியாவில் மருத்துவம் நாடுவோரில் பெரும்பாலோர் வறியவர்கள், எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லது குறைந்தவர்கள், மருத்துவச் சொற்களைப் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்பது.

இந்த வாதத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். யாருக்கு விளக்கம் அதிகம் தேவையோ, அவருடைய தேவையே விளக்கத்தைக் குறைப்பதற்கான காரணமாக இங்கே ஆக்கப்படுகிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்டதால் ஒருவருக்கு எழுத்தறிவு இல்லை. எழுத்தறிவு இல்லாததால் அவருக்குச் செய்தி மறுக்கப்படுகிறது. ஒரு தாழ்வு அடுத்த தாழ்வுக்கு நியாயமாகும் இந்தச் சுழற்சியை நம் மக்கள் பள்ளியிலும் வேலைவாய்ப்பிலும் கண்டிருக்கிறார்கள். எந்த விதை எந்த மண்ணில் எப்போது தேறும் என்று கணிக்கத் தெரிந்த விவசாயக் கூலிப் பெண்ணுக்கு, ‘பத்துப் பேருக்கு இதைச் செய்தால் ஏழு பேர் பிழைப்பார்கள்’ என்பது புரியாது என்று யார் தீர்மானித்தார்கள்?

நம் நீதிமன்றம் ஏற்ற அந்தப் பழைய அளவுகோலை அது பிறந்த நாடே கைவிட்டுவிட்டது. 2015 மார்ச் 11 அன்று மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்த நோயாளியின் இடத்தில் உள்ளவருக்கு எந்த ஆபத்து முக்கியமாகத் தோன்றுமோ அதை மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சமீரா கோலி தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோருவதற்கு வலுவான அடிப்படை இது.

இன்னொரு ஓட்டை மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி 7.16, அறுவை சிகிச்சைக்கு முன் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறவேண்டியவர்களின் வரிசையில் கணவரையோ மனைவியையோ முதலில் வைக்கிறது. சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளர். நோயாளி கடைசியில் வருகிறார். மருத்துவமனைகளில் ‘வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்’ என்ற வழக்கத்துக்கு இந்த வரிசை துணைபோகிறது. புற்றுநோய் என்ற சொல்லையே நோயாளியிடம் மறைத்து, ஆண் உறவினரிடம் மட்டும் சொல்லும் வழக்கமும் இதன் நீட்சியே.

கைரேகையின் வரலாறு

ஒப்புதல் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதற்கு நாடாளுமன்ற ஆவணமே சான்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி ஆய்வு 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளிடம் நடத்தப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் பரிசீலிக்கப்பட்ட 9,543 படிவங்களுள் 2,763இல் விடுதிக் காப்பாளர்களோ தலைமையாசிரியர்களோ கையொப்பமிட்டிருந்தனர். 1,948இல் கைரேகை இருந்தது.

எச்பிவி தடுப்பூசி அறிவியல்பூர்வமாகப் பயனுள்ளது. அதை நம் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக அளிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். நல்ல தடுப்பூசி என்பதற்காகப் பெற்றோரைக் கேட்காமல் போடலாம் என்று ஆகாது. கேட்காமல் போட்டதன் விளைவாக ஊர்களில் எழுந்த அச்சம், பின்னர் அத்தடுப்பூசிக்கே தடையாயிற்று.

கருப்பை அகற்றல் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நடந்தன என்பதும், பாதிக்கப்பட்டோரில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட பெண்களே மிகுதி என்பதும் அம்மனுவின் சாரம். ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் இடையே நுழையும்போது, அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு, விளக்கிச் சொல்லும் நேரத்துக்குப் பணம் இல்லை என்பதை இவ்வழக்கு காட்டியது.

வாசலுக்குச் சட்டம் உண்டு, மேசைக்கு?

தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 5இன் கீழ்க் குற்றம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். இவை இரண்டும் வாசலைத் திறந்தன. உள்ளே சென்ற பிறகு ஒருவரிடம் பத்து நிமிடம் பேசும் மருத்துவர், மற்றொருவரிடம் ‘சொன்னால் உனக்குப் புரியாது, கையெழுத்துப் போடு’ என்று சொன்னால் என்ன செய்வது? அந்த வேறுபாட்டைப் பிடிக்கும் பிரிவு எதிலும் இல்லை. அது எழுத்தில் பதிவாவதும் இல்லை.

தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் குறைந்த வயதிலேயே இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சத்துணவு, குடிநீர், சுகாதாரம் என்று பல காரணங்கள் அதற்கு உண்டு. காலத்தில் சொல்லப்படாத செய்தியும் அவற்றுள் ஒன்றாகக் கணக்கில் வர வேண்டும்.

மரபணுச் சோதனை பரவும்போது புதிய ஆபத்து ஒன்றும் சேர்கிறது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க 2008 முதல் தனிச் சட்டம் உள்ளது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஜெய் பிரகாஷ் தயாள் வழக்கில் கூறியது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ உடல்நலத் தரவுக்கும் மரபணுத் தரவுக்கும் தனிப் பாதுகாப்பு எதையும் வகுக்கவில்லை. ஒரு பெண்ணின் சோதனை அறிக்கை வெளியே கசிந்தால் தங்கையின் திருமணம் வரை அது பேசப்படும் சமூகம் இது.

நாம் செய்யக்கூடியவை

நோயாளியுடன் மருத்துவமனைக்குச் செல்லும் தோழர்களும் மாணவர்களும் கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துச் செல்லலாம். இவற்றுள் முதல் நான்கும் சமீரா கோலி தீர்ப்பின் அடிப்படையிலேயே கேட்கத்தக்கவை.

1. என்ன வகைப் புற்றுநோய், எந்தக் கட்டம்? சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, வலியைக் குறைத்து வாழ்நாளை நீட்டிப்பதா?
2. வேறு வழி உண்டா? இருந்தால் இதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?
3. முக்கியமான ஆபத்துகள், பின்விளைவுகள் என்ன?
4. இப்போது மறுத்தால் அல்லது தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? யோசிக்க எத்தனை நாள் இருக்கிறது?
5. எத்தனை முறை வர வேண்டும்? குறுகிய கால முறை இங்கே உண்டா?
6. கட்டியில் செய்ய வேண்டிய சோதனை எல்லாம் முடிந்ததா? பரம்பரைச் சோதனை எனக்குத் தேவையா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு திட்டத்திலோ அதற்கு வழியுண்டா?

நோய்க் குறிப்பேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. எழுத்தில் கேளுங்கள், தேதியிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளி உரிமைச் சாசனம், தகவல் பெறும் உரிமை, மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை, பாகுபாடின்றி நடத்தப்படும் உரிமை ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. அச்சாசனம் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கல்லூரி மாணவர் குழு ஒரே நாளில் செய்யக்கூடிய பணி.

ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. கீழே தமிழில் ஒரு கையொப்பமோ கைரேகையோ இருக்கும். வழக்கு நடத்தும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். ஆகையால் கைரேகை வைக்கும் இடத்தில், ‘எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது’ அல்லது ‘விளக்கப்படவில்லை’ என்று உடனிருப்பவர் தம் பெயரும் தேதியும் இட்டு எழுதிவைப்பது பிற்பாடு பெரும் சான்றாக அமையும்.

அரசிடம் நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒப்புதல் படிவமும் விளக்கமும் நோயாளியின் மொழியில் இருப்பதும், படிக்க இயலாதவருக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டது பதிவாவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டு, விதி 7.16 திருத்தப்பட்டு, வயது வந்த நோயாளியின் ஒப்புதலே முதன்மையானது என்று எழுதப்பட வேண்டும். மூன்று, புற்றுநோய் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளில் நோயாளி ஆலோசகர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டு, இட ஒதுக்கீட்டின்படி நிரப்பப்பட வேண்டும். தேவைப்படுவோருக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் காப்பீட்டுத் தொகுப்பில் சேர வேண்டும். நான்கு, மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட வேண்டும்.

இவற்றுள் முதல் கோரிக்கைக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மாநிலச் சுகாதாரத் துறையின் ஓர் ஆணை போதும். அதை வலியுறுத்தும் மனுவை ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் அளிப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.